இணையம் மெதுவா, உள் வலையமைப்பு மெதுவா? வேகத்தை அளக்கச் சரியான மென்பொருளைத் தேர்வு செய்வது எப்படி?

மைசூரு: கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மார்டள்ளி. தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் ஊர் இது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாக மறுசீரமைக்கப்படும் வரை, கொள்ளேகால் வட்டத்தின் ஒரு பகுதியாக அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூரு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் இணைந்தது.

மலையும் காடும் சூழ்ந்த இத்தகைய எல்லையோர ஊர்களுக்கு வெளியிலிருந்து வரும் இணையம் எல்லா நாளும் ஒரே சீராக இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. இதற்கு நடைமுறையில் ஒரு மாற்று உண்டு. பாடக் காணொளிகள், மின்னூல்கள் ஆகியவற்றைப் பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள ஒரே கணினியில் சேமித்து, மற்ற கணினிகளும் கைப்பேசிகளும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்யலாம். கோலிப்ரி, கிவிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்காகவே உருவாக்கப்பட்டவை. கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாகப் பதிவிறக்கி, இணையமே இல்லாத அறையில் வாசிக்க முடியும்.

இந்த ஏற்பாட்டில் மாணவருக்குப் பாடம் தடையின்றிக் கிடைப்பதைத் தீர்மானிப்பது அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் வலையமைப்பின் வேகம்தான். வெளியிணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதில் பயனில்லை. ஆனால் காணொளி திக்கித் திணறினால் பெரும்பாலானோர் முதலில் செய்வது, கைப்பேசியில் இணைய வேகச் சோதனைச் செயலியைத் திறப்பதுதான். அந்தச் செயலி காட்டும் எண்ணுக்கும் அவர்களின் சிக்கலுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். அதை நம்பி அதிக வேகத் திட்டத்துக்கு மாறி மாதந்தோறும் கூடுதல் கட்டணம் செலுத்துவோர் உண்டு. காணொளியோ முன்போலவே திணறிக்கொண்டிருக்கும்.

எந்தப் பாதையை அளக்கிறோம்?

ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் ஃபாஸ்ட், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இல் வெளியிட்ட மைஸ்பீட் ஆகிய அனைத்தும் வெளியே எங்கோ உள்ள சேவையகத்துக்கும் நமது கருவிக்கும் இடையிலான வேகத்தையே அளக்கின்றன. இந்தப் பயணத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. கருவியிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து வெளி உலகம் வரை மற்றொன்று. செயலி இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. இரண்டில் எது குறுகலோ அதன் அளவே திரையில் தெரியும்.

ஊர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தும் வீட்டுக் குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தால், அடைப்பு தெருக் குழாயிலா வீட்டுக் குழாயிலா என்று பார்த்த பிறகே பிளம்பரை அழைப்போம். வலையமைப்பிலும் அதே வரிசைதான் சரி. வீட்டுப் பகுதியை மட்டும் தனியே அளக்க வேண்டுமானால், சோதனையின் இரு முனைகளும் கட்டடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். உள் வலையமைப்பை அளக்கும் மென்பொருள் அனைத்துக்கும் அடிப்படை இதுவே. ஒரு கருவி சேவையகமாக அமர்ந்திருக்கும். மற்றொன்று அதனுடன் தரவைப் பரிமாறி, ஆன நேரத்தைக் கணக்கிடும். இணைய இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டும் இதைச் செய்யலாம்.

கிராம ஊராட்சிகளில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. 2011-இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்ட மத்திய அரசுத் திட்டம், ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் குறைந்தது 100 எம்பிபிஎஸ் அலைவரிசை வழங்குவதை இலக்காகக் கொண்டது. அந்த இணைப்பு ஊராட்சிக் கட்டடத்தை அடைந்த பிறகு, அறைகளுக்கும் அருகிலுள்ள பள்ளிக்கும் அதைக் கொண்டு செல்லும் வயரும் வைஃபை கருவியும் பழையனவாக இருந்தால், 100 எம்பிபிஎஸ் வாசலோடு நின்றுவிடும்.

தேனியில் நடந்தது

உள் வலையமைப்பைத் தனியே அளப்பதன் அவசியத்தை உணர்த்தும் நல்ல எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே உள்ளது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எரிக் புரூவரின் ஆய்வுக் குழு, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ள அதன் கண் பரிசோதனை மையங்களையும் வைஃபை மூலம் இணைத்தது. கிராமத்து நோயாளி மையத்தில் அமர்ந்திருப்பார். தேனியில் உள்ள மருத்துவர் காணொளி வழியே அவருடன் பேசிச் சிகிச்சையை முடிவு செய்வார். இதற்கு வெளி இணையம் தேவைப்படவில்லை. மருத்துவமனைக்குச் சொந்தமான, பல கிலோமீட்டர் நீண்ட ஓர் உள் வலையமைப்பு அது. கோபுரங்களில் பொருத்தப்பட்ட திசை ஆன்டெனாக்களுக்கு இடையிலான தொலைவு 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை இருந்தது.

சாதாரண வைஃபை இவ்வளவு தூரத்துக்காக வடிவமைக்கப்பட்டதன்று. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பிய பின் 'கிடைத்தது' என்ற பதிலுக்காக அது மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். தொலைவு அதிகரித்தால் பதில் தாமதமாகும். அதற்குள் பொட்டலம் தொலைந்துவிட்டதாகக் கருதி மீண்டும் அனுப்பும். ஒரே கோபுரத்தில் உள்ள இரு வானொலிக் கருவிகள் ஒன்றன் பேச்சை மற்றொன்று கெடுப்பதும் உண்டு. இதனால் சிக்னல் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் உண்மையான வேகம் சரிந்துவிடும். பெர்க்லி குழு வைஃபையின் இந்த நடத்தையை மாற்றி, வைல்ட்நெட் என்ற முறையை 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்ததாக அக்கட்டுரை தெரிவித்தது.

கைப்பேசித் திரையில் வைஃபை குறியீடு முழுமையாக நிற்பதைப் பார்த்து 'வைஃபை நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சிக்னல் வலிமை என்பது வேறு. ஒரு நொடியில் எத்தனை பிட் உண்மையில் கைக்கு வந்து சேர்கிறது என்பது வேறு. இரண்டாவதை இரு முனைகளிலும் மென்பொருளை வைத்து அளந்தால் மட்டுமே அறிய முடியும்.

தேர்வுக்கு முன் நிற்கும் மென்பொருள்கள்

இத்துறையின் மூத்த மென்பொருள்களுள் ஒன்று ஐபெர்ஃப். இதன் இன்றைய வடிவமான ஐபெர்ஃப்3, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் நடத்தும் ஈஎஸ்நெட் என்ற அறிவியல் வலையமைப்பால் பராமரிக்கப்படுகிறது. கட்டணம் இல்லை, மூலநிரல் திறந்தது. தரவைக் கணினியின் நினைவகத்தில் உருவாக்கி அனுப்புவதால் ஹார்ட் டிஸ்க்கின் வேகம் குறுக்கிடாது. இயல்பாக 10 நொடிகள் சோதித்து, ஒவ்வொரு நொடிக்கும் தனி வரியில் வேகத்தைக் காட்டும். வேகம் நிலையாக உள்ளதா, ஏறி இறங்குகிறதா என்பது இதனால் உடனே தெரியும். துல்லியத்தில் இதை மிஞ்சுவது கடினம்.

எனினும் முதல்முறை சோதிப்பவருக்கு இது இணக்கமானதன்று. பொத்தான்கள் இல்லை, கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். சில இடறல்களும் உள்ளன. இயல்பு நிலையில் ஒரு திசையை மட்டுமே அளக்கும். எதிர்த்திசைக்குத் தனிக் கட்டளை தேவை. காணொளி அழைப்புகளில் பயன்படும் யுடிபி முறையில் சோதித்தால், வேகத்தை நாமே குறிப்பிடாதவரை 1 எம்பிபிஎஸ் அளவுக்கே தரவை அனுப்பும். இதை அறியாமல் 'என் வலையமைப்பு 1 எம்பிபிஎஸ்தான்' என்று அஞ்சுவோர் உண்டு. அத்துடன் ஒரு சேவையகம் ஒரு நேரத்தில் ஒரு சோதனையை மட்டுமே ஏற்கும்.

விண்டோஸ் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஐபெர்ஃப்3-இன் விண்டோஸ் வடிவத்தை ஈஎஸ்நெட் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. 2016-இல் வெளியான பழைய பதிப்பே பல காலம் பரவலாகப் பதிவிறக்கப்பட்டு வந்தது. விண்டோஸில் இதைத் தவிர்த்து, தனது என்டிடிடிசிபி கருவியைப் பயன்படுத்துமாறு மைக்ரோசாஃப்ட் 2024-இல் அறிவுறுத்தியது. இரு கணினிகளிலும் லினக்ஸ் இருந்தால் ஐபெர்ஃப்3-ஐத் தயக்கமின்றித் தேர்வு செய்யலாம்.

பொதுப் பயனாளருக்கும் பள்ளிகளுக்கும் முதலில் பரிந்துரைக்கத்தக்கது ஓப்பன்ஸ்பீட்டெஸ்ட். ஒரே ஒரு கணினியில் அதன் சேவையக மென்பொருளை நிறுவினால் போதும். அது ஒரு முகவரியைத் திரையில் காட்டும். அதே வலையமைப்பில் உள்ள எந்தக் கைப்பேசியிலும் பிரவுசரைத் திறந்து அந்த முகவரியைத் தட்டச்சு செய்தால் சோதனை தொடங்கும்; பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் அளக்கும். கைப்பேசியில் எதையும் நிறுவத் தேவையில்லை என்பது இதன் பெரும் வசதி. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றுடன் ஆண்ட்ராய்டிலும் சேவையகத்தை இயக்கலாம். ஆகவே கணினியே இல்லாத இடத்தில் இரு கைப்பேசிகளைக் கொண்டும் தோராயமாக அளக்க முடியும்.

லிப்ரேஸ்பீட் ஏறக்குறைய இதே வகையைச் சேர்ந்தது. திறந்த மூலநிரல் கொண்டது, விளம்பரம் இல்லை. ஆனால் அதை நிறுவ வெப் சர்வர் அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரிகள், அலுவலகங்களில் கணினிப் பிரிவு ஊழியர் இருந்தால் பொருத்தமானது.

பிரவுசர் வழியே இயங்கும் இவ்விரண்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. பழைய கைப்பேசியின் செயலாற்றல் குறைவாக இருந்தால், வலையமைப்பால் முடிந்தாலும் பிரவுசரால் அவ்வளவு வேகத்தில் தரவைக் கையாள முடியாது. 300 எம்பிபிஎஸ் வரையிலான வைஃபை சோதனைகளுக்கு இது பெரிதாகப் பாதிக்காது. கிகாபிட் வயர் இணைப்பைச் சோதிக்கும்போது பிரவுசரின் எண்ணை ஐபெர்ஃப்3-உடன் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

லேன் ஸ்பீட் டெஸ்ட் என்ற மென்பொருள் வேறு வழியில் செல்கிறது. பகிரப்பட்ட ஃபோல்டரில் ஒரு கோப்பை எழுதி, மீண்டும் வாசித்து வேகத்தைக் கணக்கிடுகிறது. இதனால் மறுமுனையில் உள்ள ஹார்ட் டிஸ்க்கின் மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். பள்ளியின் சேமிப்புக் கணினியிலிருந்து கோப்பு எடுக்க எவ்வளவு நேரமாகும் என்பதே கேள்வியானால், இந்த எண் நேர்மையானது. வலையமைப்பை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால் பொருந்தாது. முழு வசதிகளுக்குக் கட்டணமும் உண்டு.

எதையும் நிறுவ வழியில்லையா? 1 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்து, எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பென் டிரைவுக்கு நகலெடுக்க வேண்டாம். அதன் வேகத்தைத்தான் அளந்தவராவீர்கள்.

எண்களை வாசிப்பது

சோதனை மென்பொருள்கள் பெரும்பாலும் மெகாபிட் அளவிலும், கோப்பு நகலெடுக்கும் சாளரம் மெகாபைட் அளவிலும் வேகத்தைக் காட்டும். 8 மெகாபிட் சேர்ந்தது 1 மெகாபைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் அளவே வருவது குறையன்று. அதுவே அதன் முழு வேகம்.

முதலில் வயர் வழியாக அளக்க வேண்டும். கிகாபிட் இணைப்பு சரியாக இருந்தால் சுமார் 940 எம்பிபிஎஸ் கிடைக்கும். எத்தனை முறை சோதித்தாலும் 94-ஐ ஒட்டியே எண் நின்றால், எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். ரவுட்டரின் போர்ட் பழைய வகையாக இருக்கலாம். அல்லது ஈதர்நெட் கேபிளுக்குள் உள்ள 8 கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்-க்கு நான்கே போதும் என்பதால், ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு சத்தமின்றி வேகம் குறைந்து தொடரக்கூடும். எலி கடித்த கேபிள், சரியாக அழுத்தப்படாத முனை ஆகியவை இதற்கான வழக்கமான காரணங்கள். சில நூறு ரூபாய்க் கேபிளால் தீரும் சிக்கலுக்காகப் புதிய ரவுட்டர் வாங்குவது வீண் செலவு.

அடுத்து வைஃபை. சேவையகக் கணினியை வயரால் ரவுட்டருடன் இணைத்துவிட்டு, கைப்பேசியுடன் அறை அறையாகச் சென்று அளக்க வேண்டும். இரு முனைகளும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றலையை இருமுறை பயன்படுத்த நேர்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இரு கைப்பேசிகளைக் கொண்டு சோதிப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ரிப்பீட்டர் கருவிகள் பலவற்றிலும் வேகம் பாதியாவது இதே காரணத்தால்தான். கைப்பேசி அமைப்பில் காட்டப்படும் 'இணைப்பு வேகம்' கோட்பாட்டளவிலான உச்சம். உண்மையில் அதில் பாதி கிடைத்தாலே நல்ல நிலை எனலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டிச் செல்லும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்று மட்டுமே. பக்கத்துக் கட்டடங்களின் ரவுட்டர்களும் அவற்றிலேயே நெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. தடித்த சுவர்களுக்கு அப்பால் விரைவில் தேய்ந்துவிடும். கருங்கல் சுவர் கொண்ட பழைய பள்ளிக் கட்டடங்களில் ஒவ்வொரு வகுப்பறையிலும் தனித்தனியே அளக்காமல் எதையும் முடிவு செய்ய இயலாது.

ஒரு கைப்பேசி காட்டும் வேகம் வகுப்பறைக்குப் பொருந்தாது என்பதையும் கருத வேண்டும். ஒரு பாடக் காணொளிக்கு 2 எம்பிபிஎஸ் தேவை எனக் கொண்டால், 20 மாணவர்கள் ஒரே நேரத்தில் பார்க்க 40 எம்பிபிஎஸ் வேண்டும். எண்ணளவில் சிறிய தேவைதான். ஆனால் 20 கருவிகள் ஒரே வைஃபை பெட்டியிடம் முறை கேட்டுக் காத்திருக்கும்போது, தனியாக 60 காட்டிய இணைப்பும் திணறலாம். ஆகவே ஐந்தாறு கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் ஓப்பன்ஸ்பீட்டெஸ்டைத் தொடங்கி, கிடைக்கும் எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் ஏற்கும் ஐபெர்ஃப்3 இந்தச் சோதனைக்கு எளிதில் உதவாது.

சோதனையே தொடங்கவில்லை என்றால் வலையமைப்பு பழுது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். கணினியின் ஃபயர்வால் வழிமறித்திருக்கலாம். முதல்முறை இயக்கும்போது தோன்றும் அனுமதிக் கேள்விக்கு 'தனியார் வலையமைப்பு' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். கைப்பேசி விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் மற்றக் கருவிகளை அதனால் காண முடியாது.

பதிவிறக்கும்போது

இத்தகைய மென்பொருள்களை அவற்றை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தோ, அதிகாரபூர்வச் செயலி அங்காடியிலிருந்தோ மட்டுமே பெற வேண்டும். வேகத்தை அளப்பதற்குத் தொடர்பு எண்களோ குறுஞ்செய்திகளோ தேவையில்லை. அந்த அனுமதியைக் கேட்கும் செயலியை நீக்கிவிடலாம். 'வேகத்தை அதிகரிக்கும்' என விளம்பரப்படுத்தப்படும் செயலிகளால் அறுந்த கேபிளை ஒட்டவைக்க முடியாது. சோதனை முடிந்ததும் சேவையக மென்பொருளை நிறுத்திவிட வேண்டும். அதை இணையத்துக்குத் திறந்துவைக்க எந்தத் தேவையும் இல்லை.

உள் வலையமைப்பு வயர் வழியே முழு வேகத்தில் இயங்குவது உறுதியான பிறகே வெளி இணைப்பைச் சோதிக்க வேண்டும். அப்போதும் கணினியை ரவுட்டருடன் வயரால் இணைத்து, மற்றக் கருவிகளைத் துண்டித்துவிட்டு அளப்பதே முறை. காலை, பிற்பகல், இரவு என மூன்று நேரங்களில் சில நாட்கள் அளந்து, தேதி, நேரம், பதிவிறக்க, பதிவேற்ற வேகங்களைக் குறித்துவைத்தால், 'உங்கள் வைஃபையில்தான் கோளாறு' என்ற பதிலுக்கு இடமிருக்காது. இணைய சேவை நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைப் பெற வேண்டும். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால், டிராய் விதிமுறைகளின்படி அதே நிறுவனத்தில் அமைக்கப்பட்டுள்ள மேல்முறையீட்டு அமைப்பை அந்தப் புகார் எண்ணுடன் அணுகலாம்.